லோடு டெஸ்ட்

சல்மாபாத்தில் ஆகஸ்ட்.
நண்பகல் வேலைத் தடை
வெட்டவெளியில் நிற்பவர்களுக்குத்தான்.
எங்களுக்குத் தகரக் கூரை இருக்கிறது,
ஆகவே நிழலில் இருக்கிறோம் என்று கணக்கு.

எரிந்த மோட்டாரை முதலில் மோந்து பார்ப்பேன்.
கவரைக் கழற்றுமுன்பே பாதி தெரிந்துவிடும்.
தண்ணீர் இறங்கிச் செத்ததற்கு
ஈரச் சாம்பல் வாடை.
பேரிங் இறுகிச் செத்ததற்குக்
கருகிய கிரீஸ்.
ஸ்டாரில் கட்டியதில்
ஒரு ஃபேஸ் அறுந்துபோனால் மட்டும்
திறந்துதான் பார்க்கவேண்டும்:
வேலை நின்ற காயில் புதுசாக மினுங்கும்,
அதன் பங்கையும் இழுத்த இரண்டும்
கரி.

அப்படித்தான் வந்தது
கேம்ப்பின் தண்ணீர் மோட்டார்,
வியாழன் மாலை, கியால் ஜானின் பிக்கப்பில்,
காலி வாட்டர் கேன்களுக்கு நடுவே உருண்டுகொண்டு.
என் கட்டில் இருக்கும் கேம்ப்.
நூற்று எண்பத்து மூன்று பேர்.
கோடையில் கீசரை அணைத்துவைத்து
அதில் ஆறும் தண்ணீரைத்தான்
குளிர்ந்த தண்ணீர் என்போம்.
இப்போது அதுவும் இல்லை.

"கேம்ப் வேலை சனிக்கிழமை"
என்றார் ஃபோர்மேன் ஜோபி.
அவரைச் சொல்லிக் குற்றமில்லை.
எரித்து, உரித்து, முப்பத்தாறு ஸ்லாட்டிலும்
பேப்பர் செருகிக் கம்பி இறக்கி,
வார்னிஷில் முக்கி, அவனில் வேகவைக்க
ஒன்றரை நாளாவது வேண்டும்.

அடுத்த மேசையில் இருந்தது
ஹோட்டல் நீச்சல்குளத்து மோட்டார்.
நான் சுற்றியது. மதியம்தான்
அவனிலிருந்து இறங்கியது, லேசான சூட்டோடு.
காலை ஏழு மணிக்கு டெலிவரி.
அதே ஏழரைக் குதிரை.
அதே ஃப்ரேம், அதே ஷாஃப்ட்,
சாவிப் பள்ளம்கூட அதே அளவு.

ஷஹீதுலும் நானும்
ஒருவரையொருவர் பார்க்கவில்லை.
இரண்டு பேரும் மோட்டாரைத்தான் பார்த்தோம்.
எரிந்தால் மூன்று மாதச் சம்பளம்.
எரியாது என்று எனக்குத் தெரியும்.
தெரியும் என்றாலும்
மெக்கரை இன்னொரு தடவை வைத்துப் பார்த்தேன்.

இரவு ஒன்பதரைக்கு ஸ்விட்சைப் போட்டோம்.
காற்றை இருமியது, துருவைத் துப்பியது,
பிறகு குழாயெல்லாம் சேர்ந்து கத்தியது.
மூன்றாம் மாடியிலிருந்து யாரோ விசிலடித்தார்கள்.
வாளி வாளியாகச் சத்தம்.
ஒரு மணிக்குப் போர்வை துவைத்தார்கள்.
இரண்டு மணிக்குச் சூசையப்பன்
தலை முழுக்க நுரையோடு வெளியே வந்து
மூடிய வாசல் கடையைப் பார்த்து
"ஷாம்பு கடன் கிடைக்குமா?" என்று கூவினான்.

நான் பம்ப் அறையில் இருந்தேன்.
மணிக்கொரு தடவை
கிளாம்ப் மீட்டரைக் கம்பியில் மாட்டினேன்.
பத்து புள்ளி ஆறு.
பத்து புள்ளி ஏழு.
பத்து புள்ளி ஆறு.
உடம்பில் கைவைத்தால்
பொறுக்கும் சூடுதான்.
பேரிங்கில் ஸ்க்ரூடிரைவரை ஊன்றிக்
காதை அதன் பிடியில் அழுத்திக் கேட்டேன்:
ஒரே சுதி, மணல் இல்லை.
பட்டறையில் யாரும்
சுற்றிய மோட்டாரை இவ்வளவு நேரம் கேட்பதில்லை.
ஐந்து நிமிடம் வெறுமனே ஓடவிட்டு
அனுப்பிவிடுவோம்.

ஐந்தரைக்குத் தொட்டி வழிந்தது.
கழற்றி, தின்னரில் துடைத்து,
பழைய இடத்தில் வைத்தோம்.
துணியில் கொஞ்சம் சோப்பு வாடை வந்தது,
எப்படியென்று தெரியவில்லை.

டெஸ்ட் ரிப்போர்ட்டை நிரப்பினேன்.
இன்சுலேஷன்: சரி.
மூன்று ஃபேஸும்: சமம்.
லோடு டெஸ்ட், நேரம்: எட்டு மணி.
எப்போதும் கோடு கிழித்துவிடும் கட்டம் ஒன்று உண்டு,
என்ன லோடு என்று கேட்கும்.
யோசித்து எழுதினேன்:
தண்ணீர்.

ஜோபி வாங்கிப் படித்தார்.
"எட்டு மணியா?" என்றார்.
நான் பேசவில்லை.
அவர் தலைமுடி இன்னும் ஈரமாக இருந்தது.
கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை. பட்டறையில் வேறு யாருமில்லை.
கேம்ப் மோட்டாரை இழுத்து முன்னால் வைத்து
உளியை எடுத்து
முதல் கரிக் காயிலை வெட்டும்போதுதான்
கழுத்தில் உப்பு அரித்தது.

நான் குளிக்கவே இல்லை.